மூன்று வருஷம் காய்ந்திருந்த கால்

பிள்ளைகளே,

பெண் வீட்டார் கேட்ட கேள்விக்குப் பெரியவன் சொன்ன பதில் என் காதுக்கு வந்தது. உங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் ஏரியில் பாடு இல்லை என்று அவர்கள் கேட்டார்களாம். "எங்க மாமன் பெரியதனத்துல குந்திக்கினு எங்க பாட்டைப் புடுங்கிட்டாரு"ன்னு இவன் சொன்னானாம். கல்யாணத்துக்கு மாமனை அழைக்க மாட்டேன் என்றும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். சின்னவனும் தங்கச்சியும் அதற்குத் தலையாட்டினீர்கள்.

நீங்கள் அப்படி நினைத்ததில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். ஊரில் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னதைக் கேட்டு வளர்ந்தீர்கள். உங்கள் மாமன் எதையும் பிடுங்கவில்லை. நம் வீட்டு முறையைத் தொலைத்தவன் நான். என் வீட்டோடு இன்னும் முப்பது வீட்டையும் சேர்த்துத் தொலைத்தேன். இதை எதிரில் உட்கார்ந்து சொல்ல எனக்கு வராது. பாதியில் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவேன். அதனால் எழுதி வைக்கிறேன். வேதக்கோயிலில் உபதேசம் சொல்கிற கோயில் பிள்ளையிடம் ரெண்டு மழைக்காலம் எழுத்து படித்தவன் நான், அவ்வளவுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெண்பிள்ளைகளைப் பாடு போடும் இடத்துக்கு விடுவதில்லை. அதனால் தங்கச்சிக்குச் சரியாகத் தெரியாது. முதலில் அதைச் சொல்கிறேன்.

முகத்துவாரத்துக்கு உள்ளே, கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறி இறங்குகிற வழியில் இறால் ஓடும் இடங்கள் இருக்கின்றன. அங்கே கழி நட்டு வலை கட்டினால்தான் வீடு நிமிரும். இடம் கொஞ்சம், ஆள் நிறைய. அதனால் கல்யாணமான ஒவ்வொரு ஆம்பளையும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு ஒரு முறை என்று குப்பம் வைத்திருக்கிறது. அந்த முறைதான் பாடு. தலைக்கட்டு உள்ள வீட்டில் பிறந்தவனுக்குத்தான், அவன் கல்யாணம் கட்டினதும், புதுத் தலைக்கட்டு கிடைக்கும்.

வீட்டுக்கு வீடு ஒரு பனங்குச்சி உண்டு, ஒரு சாண் நீளம். அதில் அந்த வீட்டுக் குறி கீறியிருக்கும். நம் குறி மூன்று கோடும் ஒரு புள்ளியும். ஆவணி அமாவாசைக்கு மறுநாள் காலையில் தலைக்கட்டுக்காரன் முழங்கால் மட்டும் ஏரியில் இறங்க வேண்டும். கால் காய்வதற்குள் அம்மன் கோயிலுக்கு வந்து, தன் கையால் குச்சியைக் குடத்தில் போட வேண்டும். அண்ணனுக்காகத் தம்பி போடக் கூடாது. காய்ச்சலில் கிடந்த ஒருவனைக் கட்டிலோடு தூக்கிப் போய்க் காலைத் தண்ணீரில் விட்டு எடுத்துவந்ததை நான் பார்த்திருக்கிறேன். பூசாரி குடத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கிற வரிசைதான் அந்த வருஷத்து முறை. போட்டவன் குடம் காலியாகி அதைக் கவிழ்க்கும்வரை கோயிலை விட்டு நகரவும் கூடாது. உச்சிப்பொழுது ஆகிவிடும். தொடர்ந்து மூன்று வருஷம் ஒருவன் குச்சி போடவில்லை என்றால் அவனுக்கு ஏரி வேண்டாம் என்று ஊர் எடுத்துக்கொள்ளும். குப்பத்துத் தலைவரான பெரியதனக்காரர் அந்தக் குச்சியை ஒடித்து அவன் கையில் கொடுத்துவிடுவார். அந்த இடம், காத்திருக்கிற புதுமாப்பிள்ளைக்குப் போகும்.

இதை நான் பால் குடிக்கிற வயசிலிருந்து அறிந்தவன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

பெரியவன் பிறந்த வருஷம் ஒல்லாந்தர் கும்பினிக் கோட்டை நிறைந்திருந்தது. அவர்கள் கப்பல்கள் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். இங்கிருந்து துணி மூட்டை ஏறும். பல மாசம் கடலில் போகிறவர்களுக்குத் தின்னக் கருவாடும் ஏறும். நம் குப்பமே கருவாடு போட்டது. எல்லோரும் மணலில் பரப்பிக் காயவைத்தோம். கப்பல்காரர்கள் பல்லில் நறநறவென்று கடிக்கிறது என்று மூட்டையோடு கடலில் கொட்டினார்கள். கோட்டைத் துபாஷி, வெள்ளைக்காரருக்கும் நமக்கும் நடுவில் பேசுகிறவர், என்னைக் கண்டால் விட மாட்டார். "உன் கருவாட்டைத் தின்னவன் வயித்துல ஒரு மணல்மேடு ஏறிக்கினுது. அதுல ஒரு குப்பம் போடலாமாம்"னு சொல்லுவார்.

வழி கண்டுபிடித்தது உங்கள் அம்மா. நாய் வாய் வைக்கிறது என்று அவள் பழைய வலையொன்றை நாலு கழியில் இழுத்துக் கட்டி, இடுப்பு உயரத்தில் மீனைப் போட்டாள். கீழேயும் காற்று, மேலேயும் காற்று. மணலில் மூன்று நாள் காய்கிறது பரணில் ஒன்றரை நாளில் காய்ந்தது. ஒரு சாடி நிறையக் கொண்டுபோய்த் துபாஷி முன்னால் வைத்தேன். அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்றார். மணல் வருமென்று காத்திருந்தார். அப்புறம் இன்னொன்று எடுத்தார்.  மறுநாள் ஆள் அனுப்பினார்.

அப்படித்தான் எங்கள் கூட்டு ஆரம்பித்தது. ஒரு பரண், நானும் அம்மாவும். தொட்டிலில் பெரியவன்.

ஒரு தொழிலை எப்படி வளர்ப்பது என்று நாளைக்கு உங்களில் யாருக்காவது தேவைப்படலாம். நான் செய்ததில் முதல் பாதி சரி. அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வெயிலுக்கு எவ்வளவு காயுமோ அதற்கு மேல் ஒரு மீன்கூட வாங்கவில்லை. துபாஷி ரெட்டிப்பு கேட்டபோதும் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ஆச்சரியம். அடுத்த வருஷம் பரண் மூன்றானது. நாலாவது கட்டுவதற்கு முன்னால், மீன் புரட்டத் தெரிந்த ஒரு ஆளைத் தயார் செய்தேன். ஏரியில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற குடும்பத்துப் பெண்பிள்ளை அவள். அந்தச் சனங்களுக்குப் பாடு கிடையாது, படகு கிடையாது. ஓலைப் பையைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றில் தடவுவார்கள். அவளுக்கு விரலில் கண் இருந்தது. மீனைத் தொட்டாலே உள்ளே ஈரம் நிற்கிறதா என்று சொல்லிவிடுவாள். ஒவ்வொரு சாடியிலும் ஒரு மீனை எடுத்துக் கடித்துப் பார்த்துத்தான் மூடுவாள். அந்த வேலையை நான் செய்துகொண்டிருந்தேன். அவளிடம் விட்டபிறகு எனக்குப் பகலில் கை காலியானது. அப்போதுதான் ஒன்று புரிந்தது: என் கை ஓயாதவரைக்கும் கூட்டு என் கை அளவுதான் இருக்கும்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. விடியும் முன்னே ஏரியில் ஒரு தரம் தடவிவிட்டுத்தான் வேலைக்கு வருவாள். புடவை சொட்டச் சொட்ட வந்து நிற்பாள். கருவாட்டுக் களத்தில் ஈரப் புடவை ஆகாது என்று எத்தனையோ தடவை திட்டினேன். சரி சரி என்பாள். மறுநாளும் ஈரமாகவே வருவாள்.

அப்புறம் மடவை மீனைக் கீறி உப்புப் போட்டுப் பீப்பாயில் அடைத்துக் கொடுக்க ஆரம்பித்தோம். பரண் பன்னிரண்டானது. பசியாவரத் தீவில் ஒரு களம் போட்டோம். சுண்ணாம்புக்குளத்து ஆட்கள் எங்களைப் பார்த்து அவர்களும் பரண் கட்டினார்கள். என்னுடைய ஆட்கள் போய்ப் பிய்த்துப் போடலாம் என்றார்கள். நான் அங்கே போய் அவர்களோடு ரெண்டு நாள் இருந்து, வலையை எப்படி இழுத்துக் கட்டினால் நடுவில் தொய்யாது என்று காட்டிவிட்டு வந்தேன். அந்த வருஷ முடிவில் அவர்கள் போட்டதும் எங்கள் பீப்பாயில்தான் ஏறியது. குப்பத்தில் எனக்கு ஒரு பேர் வைத்தார்கள். நான் தெருவில் போனால், "குட்டிக் கும்பினி போவுது, வழி விடு"ன்னு பசங்கள் சத்தம் கொடுப்பார்கள். எனக்கு வெளியில் கோபம், உள்ளே சந்தோஷம்.

இதுவரைக்கும் சரியாகத்தான் வந்தேன்.

கோட்டைக்குப் பக்கத்தில் பெரிய களம் போட்டபோது ஆள் பற்றாமல் போனது. பீப்பாய் உருட்ட, மூடி அடிக்க, உப்பு சுமக்க, படகில் ஏற்ற ஆம்பளை வேண்டும். நம் குப்பத்துத் தலைக்கட்டுகளைத்தான் கூப்பிட்டேன். மீன் வந்தாலும் வராவிட்டாலும் தினம் அரிசி உண்டு என்றேன். ஒவ்வொருவராக வந்தார்கள். முப்பது பேர். நல்ல வலைக்காரர்கள். அவர்கள் வலை கட்ட வேண்டிய நாளில் களத்தில் இருப்பார்கள். அந்த முறை வரிசையில் அடுத்தவனுக்குப் போகும். அவன் பிடித்த இறாலை எங்களிடமே கொண்டுவந்து போடுவான். யார் பிடித்தால் என்ன, மீன் நம் களத்துக்குத்தானே வருகிறது என்று நான் சொல்லிக்கொண்டேன். அது எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. தண்ணீரில் நிற்பது மற்றவன் வேலை, நாம் அதற்கு மேலே போய்விட்டோம் என்று நினைத்தேன்.

ஆவணி மாசம்தான் கப்பல்கள் மழைக்கு முன்னால் கிளம்புகிற நேரம். முதல் வருஷம் குச்சி போடுகிற அன்றைக்கு ரெண்டு கப்பல் நின்றது. ஒரு காலைப்பொழுது முப்பது பேரை விட முடியாது. உங்கள் மாமன் அப்போதுதான் பெரியதனத்துக்கு வந்திருந்தார். எல்லாக் குச்சியையும் கட்டாகக் கட்டி அவரிடம் அனுப்பி, நீங்களே போட்டுவிடுங்கள் மச்சான் என்று சொல்லியனுப்பினேன். கட்டு அவிழாமல் திரும்பி வந்தது. சாயந்தரம் அவரே வந்தார். சண்டைக்கு வரவில்லை. என் காலைப் பார்த்தார்.

"மாப்ள, உன் கால் வெள்ளையா இருக்குது. உப்பு பூத்துப்போயி"ன்னார்.

நான் சிரித்தேன். கோட்டைக்காரர்கள் எல்லாருக்கும் கால் வெள்ளைதான் என்றேன். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ரெண்டாவது வருஷமும் அப்படியே போனது. அந்த வருஷம் யாரும் அதைப் பற்றிப் பேசக்கூட இல்லை.

மூன்றாவது வருஷத்தை மறக்க முடியவில்லை. விடிந்ததும் உங்கள் அம்மா குறிக்குச்சியைத் துணியில் சுற்றிக் களத்துக்கே கொண்டுவந்தாள். இடுப்பில் தங்கச்சி. குச்சியை உப்பு மூட்டைமேல் வைத்தாள்.

"இன்னியோட மூணு"ன்னாள்.

"தெரியும்மே."

"தெரிஞ்சா எழுந்து வா. இவங்களையும் கூட்டிக்கினு வா. உச்சிக்குத் திரும்பிடலாம்."

நான் எழுந்தேன். சத்தியமாக எழுந்தேன். என்னைப் பார்த்து ரெண்டு பேர் உப்புக் கையைக் கழுவப் போனார்கள். அந்த நேரம் பார்த்துத் துபாஷியின் ஆள் ஓடி வந்தான். காற்று திரும்பிவிட்டது, கப்பல் சாயந்தரம் பாய் எடுக்கிறது, நாற்பது பீப்பாயும் உச்சிக்குள் முகத்துவாரம் தாண்டியாக வேண்டும் என்றான். இருபதுக்கு இன்னும் மூடி அடிக்கவில்லை.

ஈரப் புடவைக்காரி பரணிலிருந்து இறங்கி வந்தாள். "நீங்க போயிட்டு வாங்க மொதலாளி. நாங்க பொம்பளைங்க பதினஞ்சி பேரு கீறோம், உருட்டி ஏத்திடறோம்"ன்னாள்.

முடியும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அந்தப் பெண்கள் அதைவிடக் கனமானதைச் சுமந்தவர்கள். ஆனால் அன்றைக்கு எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு மூடி சரியாக உட்காராமல் உப்புத் தண்ணீர் ஒழுகினால் பேர் போய்விடும் என்று பயந்தேன். ஆட்கள் எல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் சொன்ன வார்த்தை இது:

"குச்சி போனா இன்னாப்பா? ஏரி எங்க போயிடும்? மூடிய அடிங்க."

ஒருவன் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். சுத்தியல் சத்தம் ஆரம்பித்துவிட்டது. உங்கள் அம்மா குச்சியை எடுத்துத் திரும்பத் துணியில் சுற்றினாள்.

"மூணு புள்ளைங்க கீது. அதுங்களக் கேட்டியா நீ?"

நான் பீப்பாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நாற்பதும் நேரத்துக்கு ஏறிவிட்டது. ஒன்றும் ஒழுகவில்லை.

அம்மா குச்சியை அப்படியே கோயில் வாசலுக்கு வெளியே நின்று, உள்ளேயிருந்த மாமனிடம் கொடுத்திருக்கிறாள். போடுவதற்கு இல்லை, ஒடிப்பதற்கு. மற்ற முப்பது வீட்டுப் பெண்களும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். முறை என்றால் முறை. சாயந்தரம் உங்கள் மாமன் ஒரு முறத்தில் ஒடிந்த குச்சிகளை வைத்துக்கொண்டு களத்துக்கு வந்து, அவரவர் கையில் கொடுத்தார். என்னுடையதைக் கடைசியில் கொடுத்தார்.

"மாப்ள, பூசாரி மூணு தபா கேட்டாரு, குடத்த கவுக்கலாமான்னு. நான் இருங்க இருங்கன்னேன். வழியையே பாத்துக்கினு குந்தியிருந்தேன்."

"வேல இருந்திச்சி மச்சான்"னேன்.

வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று நல்ல காய்ந்த இறாலாகப் பார்த்து ஒரு ஓலைப் பெட்டி நிறைய எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. பெரியவனே, நீ பிடுங்கினார் என்று சொன்னாயே, அந்த மனுஷன் அன்றைக்குக் காலையிலிருந்து சாப்பிடாமல் இருந்தார். அதை உங்கள் அத்தை வெகுநாள் கழித்து அம்மாவிடம் சொன்னாள்.

அடுத்த கோடையில் துபாஷி என்னைத் தேடிக் களத்துக்கே வந்தார். அதற்குமுன் அவர் களத்துக்கு வந்ததில்லை. பரண்களை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு மீனை எடுத்து வழக்கம்போல் கடித்தார். கோட்டையின் பெரிய அதிகாரம் தெற்கே வேறு துறைக்குப் போகிறது என்றார். இங்கே கொஞ்சம் பேர் இருப்பார்கள், கப்பல் இனி இங்கே பாரம் ஏற்றாது.

"அப்ப எங்க கருவாடு?"

"அங்கயும் கடல் கீதுப்பா. மீனும் கீது. உன் பரணு எப்பிடிக் கட்டறதுன்னு பாத்துக்கினு போயி அங்க ஒருத்தன் கட்டிட்டான்."

அவர் குரலில் கிண்டல் இல்லை. அவருக்கும் வேலை போகிறது என்று அப்புறம் தெரிந்தது. எங்கள் கூட்டு எத்தனை பெரிதாக ஆனாலும் அதற்கு ஒரே ஒரு வாசல்தான் இருந்தது. ஆட்கள் ஏற ஏறப் பரண் கட்டினேன், களம் போட்டேன், ரெண்டாவது வாசல் வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. ஒருவனே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறான் என்றால் அது பலம் என்று நினைத்தேன்.

முயற்சி செய்யாமல் இல்லை. தலையில் கூடை வைத்துக்கொண்டு அனுப்பம்பட்டு வரைக்கும் நடந்தேன். நெல் விளைகிற ஊர்களில் கருவாடு வாங்குவார்கள், கையளவு வாங்குவார்கள். மணல் இருந்தால் கழுவிவிட்டுத் தின்கிறவர்கள். மணல் இல்லாத கருவாடு என்று நான் சொன்னால், அதுக்கு இன்னா இப்போ என்று கேட்டார்கள். நூற்றுக்கணக்கான பீப்பாய் போன இடத்தில் கைக்கூடை எப்படிப் போதும்? ஆடியிலேயே ஒரு மழை வந்தது. காலிப் பீப்பாய்கள் தண்ணீர் குடித்து ஊதிப் பிளந்தன. பரண் மூங்கிலை ஆளாளுக்கு அடுப்புக்கு எடுத்துப்போனார்கள். எடுக்காதே என்று நான் யாரையும் தடுக்கவில்லை. அவர்கள் வீட்டில் அரிசி இல்லை, நெருப்பாவது இருக்கட்டும் என்று விட்டேன்.

அந்த ஆவணியில் நாங்கள் முப்பத்தொரு பேரும் ஏரியில் இறங்கிக் காலை நனைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனோம். குச்சி இல்லை. வெறுங்கை. கேட்டுப் பார்க்கலாம் என்றுதான். உங்கள் மாமன் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். குடத்தைச் சுற்றி எங்கள் இடங்களை வாங்கின இளம் பசங்கள் நின்றார்கள். முழங்கால் வரைக்கும் ஈரம். புதுக் குச்சி, குறி கீறின இடம் இன்னும் வெள்ளையாக இருந்தது. சிலருக்கு இடுப்பில் குழந்தை. எங்கள் முப்பது பேரில் ஒருவனுடைய சொந்தத் தம்பியும் அதில் நின்றான். அண்ணனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேச வேண்டியவன் நான். மச்சான், எங்களுக்கு ஒரு வழி சொல்லுங்க என்றேன்.

அவர் அந்தப் பசங்களின் பக்கம் கையை நீட்டினார்.

"தப்பா நெனைக்காத மாப்ள. ஏரியில கழி நடற எடம் நேத்தி எத்தினியோ இன்னிக்கும் அத்தினிதான். இதுல யாரை எழுப்பி வெளிய அனுப்பட்டும்? நீயே கை காட்டு. நீ காட்டறவன அனுப்பிடறேன்."

பசங்கள் என்னைப் பார்த்தார்கள். அந்தத் தம்பியும் தலையைத் தூக்கிப் பார்த்தான்.  தன் தங்கச்சி பிள்ளைகளான உங்களுக்கு மட்டும் ஒரு இடம் என்று அவர் சொல்லியிருக்கலாம். ஊர் முணுமுணுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டிருக்கும். அவர் கண்ணில் அந்த எண்ணம் வந்து போனதையும் நான் பார்த்தேன். ஆனால் என் பின்னால் நின்ற முப்பது பேரை வைத்துக்கொண்டு அதைக் கேட்க எனக்கு நாக்கு வரவில்லை. அவர்களைத் தண்ணீரிலிருந்து எழுப்பிக் கூட்டி வந்தவன் நான்.

நான் யாரையும் கை காட்டவில்லை.

அங்கேயே நின்றோம். எங்கள் கால் காய்ந்து மண் உதிர்ந்தது. அப்புறம் ஒருவர் பின்னால் ஒருவராகப் போனோம். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சிலர் நெல் அறுக்கப் போனார்கள், சிலர் உப்பளத்துக்கு. நாலைந்து குடும்பம் தெற்கே அந்தத் துறையைத் தேடிப் போனது, திரும்பி வரவில்லை. அண்ணன் தம்பி அந்த ரெண்டு பேரும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

ரெண்டு நாள் கழித்து நான் ஓலைப் பையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏரியில் இறங்கினேன். ஈரப் புடவைக்காரி அங்கே தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எந்த வருஷமும் ஒன்றும் மாறவில்லை. என்னைப் பார்த்ததும் சிரிப்பாள் என்று நினைத்தேன். பல்லில் இருந்த பையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "இப்பிடி வா மொதலாளி, அந்தப் பக்கம் பள்ளம்"னாள். திரும்பவும் பையைக் கடித்துக்கொண்டாள். நீங்கள் மூன்று பேரும் சேற்றில் தடவப் பழகினது அந்த வருஷத்திலிருந்துதான். உங்கள் விரலெல்லாம் வெட்டு வெட்டாக இருப்பது ஏன் என்று என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இதை அப்போதே சொல்லியிருப்பேனா, தெரியவில்லை.

பெரியவனே, உனக்கு ஏரியில் முறை கிடைக்காது. சின்னவனுக்கும் கிடைக்காது. உங்கள் பிள்ளைகளுக்கும் வழி தெரியவில்லை. நான் எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டேன். பெண் வீட்டாரிடம் உள்ளதைச் சொல்லிவிடு. அதைக் கேட்டு அவர்கள் வேண்டாம் என்று எழுந்து போனாலும் போகட்டும். மாமனை மட்டும் நீயே போய் வெற்றிலை வைத்து அழைத்துவிட்டு வா. என்னைப் பற்றி அவரிடம் ஒன்றும் பேச வேண்டாம்.

இன்னும் ஒன்று உண்டு. ஆட்டுப் பட்டிக்கு நட்டிருக்கிற ஏழு கழியிலும் ஒரே உயரத்தில் ஒரு பள்ளம் இருக்கிறதே, ஆடு கடித்ததா என்று தங்கச்சி ஒரு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன். ஆடு கடித்தது இல்லை. அவை என் நைனா, உங்கள் தாத்தா, கட்டின வலைக்கழிகள். கோயிலிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போயிருந்தாள். கொல்லையில் சாத்தியிருந்த கழிகளை ஒவ்வொன்றாக மடியில் கிடத்தி, சூடு போட்டிருந்த மூன்று கோட்டையும் புள்ளியையும் ஆளிச் சிப்பியால் சுரண்டினேன். குறி ஆழமாக இறங்கியிருந்தது. மரத்தூளைக் கையில் அள்ளிக் கொண்டுபோய்த் தண்ணீர் ஓரத்தில் போட்டேன். அது மூழ்கவில்லை. அலை திரும்பத் திரும்ப என் காலடிக்கே கொண்டுவந்து ஒதுக்கியது. அதனால் காலால் மணலை இழுத்து மூடிவிட்டு, கழிகளை எடுத்துப்போய்ப் பட்டிக்கு நட்டேன்.